‘பசுமைச் சொகுசு’ என்றால் என்ன? மயோர்க்காத் தீவின் கடற்கரை விடுதிகளை முன்வைத்து



சுற்றுலா, சுற்றுச்சூழல் ஆகிய இரண்டு தலைப்புகளையும் நாம் வகுப்பில் எடுக்காத ஆண்டே கிடையாது. கட்டுரையில் வரும், கருத்தறிதலில் வரும், வாய்மொழித் தேர்விலும் வரும். மாணவர்களும் தயாராகத்தான் வருகிறார்கள். மரம் நடுவோம், நெகிழிப் பையைத் தவிர்ப்போம், இயற்கையைப் போற்றுவோம். அவ்வளவுதான், சரக்கு தீர்ந்துவிடும். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. நாம் கொடுக்கும் வாசிப்புப் பகுதிகளும் பெரும்பாலும் அந்த அளவோடு நின்றுவிடுகின்றன.

சென்ற ஆண்டு உயர்நிலை மூன்று வகுப்பில் சுற்றுலா விளம்பரம் ஒன்றைத் திரையில் காட்டியபோது ஒரு மாணவி, “டீச்சர், சொகுசுன்னு போட்டிருக்கு, பசுமைன்னும் போட்டிருக்கு. ரெண்டும் எப்படி ஒன்னா இருக்கும்?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. மத்தியதரைக் கடல் தீவு ஒன்றில் இப்படி விளம்பரப்படுத்தும் கடற்கரை விடுதியில் நீங்கள் ஒரு வாரம் தங்குவதாக வைத்துக்கொள்வோம். வந்து இறங்குவதிலிருந்து கட்டணச் சீட்டு வாங்கும்வரை உங்களைச் சுற்றி உண்மையில் என்ன நடக்கிறது? அதைத் தெரிந்துகொண்டால் அந்தக் கேள்வியை வகுப்பில் தைரியமாக எடுக்கலாம். நம் சம்பளத்தில் அங்கே போய்த் தங்குவது வேறு கதை. அதை இங்கே பேச வேண்டாம்.

நான் எடுத்துக்கொண்ட தீவு மயோர்க்கா. ஸ்பெயினுக்குச் சொந்தமான பலேரிக் தீவுகளில் பெரியது. மெனோர்க்கா, இபீசா, ஃபோர்மென்டேரா ஆகியவை அதன் தங்கைத் தீவுகள். நான்கிலும் சேர்த்து ஏறத்தாழ 12 லட்சம் பேர் வசிக்கிறார்கள். 2023ஆம் ஆண்டில் அங்கு வந்துபோன சுற்றுப்பயணிகளோ 17 மில்லியனுக்கும் மேல். சிங்கப்பூர் ஆசிரியருக்கு இந்தத் தீவு புரிவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. குடிநீருக்குத் தவிக்கும் தீவு அது. தண்ணீரை வெளியிலிருந்து கொண்டுவருவதும் கடல்நீரைக் குடிநீராக்குவதும் நம் பிள்ளைகள் சமூகவியல் பாடத்தில் ஏற்கெனவே படித்ததுதான்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருப்பதை நாம் ‘நீடித்த நிலைத்தன்மை’ என்கிறோம். சிங்கப்பூரில் ஓர் அமைச்சின் பெயரிலேயே அது இருக்கிறது. தமிழ்நாட்டில் ‘வளங்குன்றா வளர்ச்சி’ என்றும் எழுதுகிறார்கள். எனக்கு இரண்டாவது சொல்தான் பிடிக்கும். எது குன்றக்கூடாது என்ற கேள்வி அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ‘நிலைத்தன்மை’ என்றதும் மாணவர்கள் கல்தூணைப் போல ஏதோ அசையாமல் நிற்பதாக நினைக்கிறார்கள். ‘வளம் குன்றாமை’ என்று சொன்னால், “எந்த வளம், டீச்சர்?” என்று உடனே கேட்கிறார்கள். மயோர்க்காவில் அந்தக் கேள்விக்கு மூன்று விடை சொல்லலாம்: தண்ணீர், கடற்புல், அங்கே வேலை செய்யும் மனிதர்கள்.

தீவுக்குள் நுழையும் முன்பே ஒரு கணக்கு இருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து பால்மா நகருக்கு ஒரு வழித் தூரமே 10,000 கிலோமீட்டருக்கு மேல். போய்வரும் பயணத்தில் ஒரு பயணியின் கணக்கில் சேரும் கரியமில வாயு, எந்த முறையில் கணக்கிட்டாலும், ஏறத்தாழ ஒரு டன்னிலிருந்து தொடங்கும். விடுதியில் ஒரு வாரம் துண்டைத் துவைக்கப் போடாமல் மிச்சப்படுத்தும் மின்சாரத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே முடியாது. ஜெர்மனியிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் வருபவர்களே அங்கே அதிகம். அவர்களுக்கு அது இரண்டு மூன்று மணி நேரப் பயணம். ஆகவே ஒரே அறை, ஒரே படுக்கை என்றாலும் நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள் என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறுகிறது. விடுதியின் விளம்பரத்தில் இது இருக்காது. விடுதியின் வாசலில்தான் அவர்கள் கணக்கைத் தொடங்குவார்கள்.

துண்டு என்றதும் ஒரு செய்தி. குளியலறையில் ஒரு சிறிய அட்டை மாட்டியிருக்கும்: பூமியைக் காக்க உங்கள் துண்டை மறுபடி பயன்படுத்துங்கள் என்று. ஜே வெஸ்டர்வெல்ட் என்ற அமெரிக்கச் சுற்றுச்சூழல் ஆர்வலர் ஃபிஜித் தீவின் கடற்கரை விடுதி ஒன்றில் அப்படி ஓர் அட்டையைப் பார்த்தார். ஒரு பக்கம் கட்டடத்தை விரிவாக்கிக்கொண்டே மறுபக்கம் துண்டைப் பற்றிப் பேசுகிறார்களே என்று அவருக்கு உறுத்தியது. 1986ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில் ‘கிரீன்வாஷிங்’ என்ற சொல்லை அவர் பயன்படுத்தினார். இன்று உலகம் முழுக்கப் புழங்கும் அந்தச் சொல் ஒரு கடற்கரை விடுதியின் குளியலறையிலிருந்து வந்தது என்றால் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். சுவருக்கு வெள்ளையடிப்பது போல இது பச்சையடிப்பது. தமிழில் ‘பசுமைப் பூச்சு’ என்றே சொல்லிவிடலாம்.

சரி, இப்போது அறையைவிட்டு வெளியே வந்து கடற்கரைக்குப் போவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விளம்பரப் படத்தில் வெள்ளை மணல், கண்ணாடி போன்ற நீலத் தண்ணீர். நேரில் போனால், அதிலும் வசந்த காலத்திலோ இலையுதிர் காலத்திலோ போனால், கரையோரம் பழுப்பு நிறத்தில் மெத்தை மெத்தையாக ஏதோ குவிந்து கிடக்கும். கொஞ்சம் வாடையும் வரும். “இவ்வளவு காசு கொடுத்து வந்தால் குப்பையா?” என்று விருந்தினர்கள் வரவேற்பு மேசையில் புகார் செய்வார்கள். அது குப்பை இல்லை. பொசிடோனியா என்ற கடற்புல்லின் உதிர்ந்த இலைகள் அவை.

இங்கே தமிழாசிரியர் ஒரு திருத்தம் செய்ய வேண்டும். செய்திகளில் இதைக் ‘கடற்பாசி’ என்று எழுதிவிடுவார்கள். பாசிக்கு வேர் கிடையாது, பூ கிடையாது. பொசிடோனியாவுக்கு வேர், தண்டு, இலை, பூ, காய் எல்லாமே உண்டு. நிலத்தில் வளரும் செடிகளின் உறவு அது. கடலுக்கடியில் போய்க் குடியேறிவிட்டது. உலகில் மத்தியதரைக் கடலில் மட்டுமே வளர்கிறது. தண்ணீர் தெளிவாக இருந்தால் 40 மீட்டர் ஆழம்வரைகூட இறங்கும். ஆகவே ‘கடற்புல்’ என்பதே பொருந்தும்.

அந்த நீலத் தண்ணீர் ஏன் அவ்வளவு தெளிவாக இருக்கிறது? இந்தப் புல்வெளி கலங்கலை வடிகட்டித் தூளைத் தரையில் படியவைக்கிறது. அந்த வெள்ளை மணல் எங்கிருந்து வந்தது? பலேரிக் தீவுகளின் கடற்கரை மணலில் பெரும்பகுதி, புல்வெளிக்குள் வாழ்ந்து மடிந்த சிற்றுயிர்களின் ஓடுகள் நொறுங்கியது. குளிர்காலப் புயலில் அந்த மணலை அலை அடித்துக்கொண்டு போகாமல் தடுப்பது எது? கரையில் குவிந்து கிடக்கிறதே, அதே பழுப்பு மெத்தைதான். அலையின் வேகத்தை அது வாங்கிக்கொள்கிறது. இயந்திரம் வைத்து அதை அள்ளினால் கூடவே மணலும் போகிறது. சில ஆண்டுகளில் கடற்கரை இளைத்துப்போகும். விளம்பரப் படத்தில் இருப்பது போலத் துடைத்துவைத்த கடற்கரையைப் பார்த்தால் இனி நீங்கள் கொஞ்சம் சந்தேகப்படலாம்.

இந்தப் புல் வளர்வதோ ஆமை வேகம். தண்டு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் நகரும். 2006ஆம் ஆண்டில் ஃபோர்மென்டேராவுக்கு அருகில், ஏறத்தாழ 8 கிலோமீட்டர் பரந்திருந்த புல்வெளி ஒரே மரபணுவைக் கொண்டது, அதாவது ஒரே செடி என்று கண்டறிந்தார்கள். வேகத்தையும் நீளத்தையும் வைத்து நீங்களே வகுத்துப் பாருங்கள், வயது தலைசுற்றும். இபீசாவுக்கும் ஃபோர்மென்டேராவுக்கும் இடையிலுள்ள புல்வெளிகள் 1999ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றன. உல்லாசப் படகு ஒன்று நங்கூரத்தைப் போட்டு இழுத்தால் பல நூற்றாண்டு வளர்ச்சி ஒரு மதிய வேளையில் பிய்ந்துவிடும். அதனால்தான் பலேரிக் அரசு 2018ஆம் ஆண்டில் தனி ஆணை கொண்டுவந்து பொசிடோனியாமீது நங்கூரமிடுவதைத் தடைசெய்தது. கோடையில் ரோந்துப் படகுகள் சுற்றி வந்து, “கொஞ்சம் தள்ளி மணல்மேல் போடுங்கள்” என்று படகோட்டிகளை நகர்த்துகின்றன.

பழைய தீவுவாசிகளுக்கு இந்த இலை குப்பையாகத் தெரியவில்லை. மெத்தைக்குள் அடைத்தார்கள், கூரைக்கடியில் பரப்பினார்கள். அண்மையில் ஃபோர்மென்டேராவில் அரசு வீடமைப்பு நிறுவனம், நம் வீவக மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன், 14 வீடுகளைக் கட்டியபோது வெயில் சூடு இறங்காமலிருக்கக் காய்ந்த பொசிடோனியாவையே கூரையில் அடைத்தது. பஞ்சதாரக விடுதியில் அல்ல, சாதாரண மக்களின் குடியிருப்பில் இது நடந்தது என்பது எனக்குப் பிடித்த செய்தி.

கரையில் உருண்டை உருண்டையாக, தேங்காய் நாரைச் சுருட்டியது போலவும் சில கிடக்கும். அதே புல்லின் நார்தான் அலையில் உருண்டு பந்தாகிறது. பார்சலோனா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மயோர்க்காக் கடற்கரைகளில் இவற்றைச் சேகரித்துப் பிரித்துப் பார்த்து 2021ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். உள்ளே நெகிழித் துணுக்குகள் சிக்கியிருந்தன. நாம் கடலில் போட்டதைக் கடற்புல் உருட்டித் திருப்பிக் கரையில் வைக்கிறது.

பொசிடோனியா நம் பக்கம் இல்லை. ஆனால் வேறு வகைக் கடற்புல் சிங்கப்பூரிலும் உண்டு. புலாவ் உபினிலுள்ள செக் ஜாவாவுக்குக் கற்றல் பயணம் போன மாணவர்கள் நீர் வற்றும்போது பார்த்திருப்பார்கள். 2001ஆம் ஆண்டு இறுதியில் அங்கே நில மீட்புப் பணி ஒத்திவைக்கப்பட்டதால் தப்பிய இடம் அது. உங்கள் வகுப்பில் ஒருவராவது போயிருந்தால் அவரைப் பேசவிடுங்கள். நாம் படம் காட்டுவதைவிட அது நன்றாக இருக்கும்.

அடுத்து தண்ணீர். மயோர்க்காவில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. மழை பெய்தால் ஓடும் காட்டாறுகள்தான். கோடையில் மழை அநேகமாக இல்லை, விருந்தினர் கூட்டம் உச்சத்தில் இருப்பதோ அதே கோடையில். 1990களின் நடுவில் வறட்சி வந்தபோது ஸ்பெயினின் நிலப்பகுதியிலிருந்து கப்பல் கப்பலாகத் தண்ணீர் ஏற்றிவந்து பால்மா நகருக்குக் கொடுத்தார்கள். அதன்பிறகு கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் வந்தன. சிங்கப்பூர்க்காரர்களுக்கு இந்தத் தொழில்நுட்பத்தை விளக்கத் தேவையில்லை. ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறேன். ஒரு கன மீட்டர் கடல்நீரை நன்னீராக்க ஏறத்தாழ 3 முதல் 4 கிலோவாட் மணி மின்சாரம் செலவாகிறது. மிஞ்சும் கடும் உப்புநீர் திரும்பக் கடலுக்குத்தான் போக வேண்டும். பொசிடோனியாவோ உப்பு கூடினால் தாங்காத செடி. ஆகவே நீச்சல் குளத்தில் தளும்பும் தண்ணீருக்கும் கடலடிப் புல்வெளிக்கும் தொடர்பு இருக்கிறது. ‘எங்கள் விடுதியில் நன்னீர் முழுக்கக் கடல்நீரிலிருந்து’ என்று ஓர் இடம் பெருமைப்பட்டால், உப்புநீர் எங்கே போகிறது, மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்ற இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

சிங்கப்பூரில் வீட்டில் ஒருவர் நாளொன்றுக்குச் சுமார் 140 லிட்டர் தண்ணீர் பயன்படுத்துகிறார். சுற்றுலாத் துறையில் ஒரு விருந்தினர் நாளொன்றுக்குப் பயன்படுத்தும் நீர் இடத்துக்கு இடம் 80 லிட்டரிலிருந்து 2,000 லிட்டர்வரை போவதாக உலகளாவிய ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. கூடாரத்தில் தங்குபவர் கீழ்முனைப் பக்கம். தனிக்குளம், புல்தரை, நீராவிக் குளியல் உள்ள சொகுசு விடுதி மேல்முனைப் பக்கம். “சொகுசு” என்ற சொல்லுக்கு லிட்டரில் ஓர் அளவு உண்டு என்பதை மாணவர்கள் இந்த இடத்தில்தான் பிடிக்கிறார்கள்.

அப்படியென்றால் நல்ல விடுதியே இல்லையா? இருக்கிறது. அதை அடையாளம் காண முடியும். உள்ளூர் மணற்கல்லில் தடித்த சுவர், பச்சை நிற மரச் சட்டக் கதவுகள், மாலையில் கடலிலிருந்து வீசும் காற்று உள்ளே வரும்படி எதிரெதிர் சன்னல்கள்: இவை மயோர்க்காக்காரர்கள் காலங்காலமாகக் கட்டிய வீட்டின் இலக்கணம். அந்த அமைப்பில் பழைய பண்ணை வீட்டைப் புதுப்பித்து நடத்தும் விடுதிக்குக் குளிர்சாதனம் குறைவாகவே தேவைப்படும். புல்தரைக்குப் பதிலாக ஆலிவும் பாதாமும் காட்டுப் புதர்களும் இருந்தால் தோட்டத்துக்குத் தண்ணீர் குறையும். காலை உணவில் எண்ணெயும் உப்பும் தக்காளியும் தடவிய ரொட்டி கிடைக்கும். ‘ராமயேட்’ என்ற அந்தத் தக்காளியைக் கொத்துக் கொத்தாகக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால் குளிர்காலம்வரை கெடாது, விளையவும் அதிகத் தண்ணீர் கேட்காது. பிப்ரவரி மாதத்தில் ஸ்டிராபெரி அடுக்கிய பழத்தட்டைவிட அந்த ரொட்டிதான் பசுமை. சொன்னால் விருந்தினர்கள் ஏற்பார்களா என்பது வேறு விஷயம்.

மூன்றாவது, மனிதர்கள். இதைத்தான் நாம் வகுப்பில் விட்டுவிடுகிறோம். சுற்றுச்சூழல் என்றால் மரம், மீன், ஆமை என்று போய்விடுகிறோம். உங்கள் அறையைத் தினமும் சுத்தம் செய்யும் பெண் கனமான மெத்தையைக் குனிந்து தூக்கி விரிப்பை மாற்றுகிறார். ஒரு நாளில் எத்தனை அறை, எத்தனை மெத்தை என்று எண்ணிப் பாருங்கள். ஸ்பெயினில் இந்தப் பணிப்பெண்கள் தங்களை ‘லாஸ் கெல்லிஸ்’ என்று அழைத்துக்கொள்கிறார்கள். ‘சுத்தம் செய்கிறவர்கள்’ என்ற ஸ்பானியத் தொடரைச் சுருக்கிய பேச்சு வழக்கு அது. முதுகுவலியையும் குறைந்த சம்பளத்தையும் பற்றி ஒன்றுகூடிக் குரல் எழுப்பினார்கள். பலேரிக் நாடாளுமன்றம் 2022ஆம் ஆண்டில் நிறைவேற்றிய சுற்றுலாச் சட்டத்தில் ஒரு விதி இருக்கிறது: விடுதிகள் படிப்படியாக, உயர்த்தித் தாழ்த்தக்கூடிய படுக்கைகளுக்கு மாற வேண்டும். மிதியையோ பொத்தானையோ அழுத்தினால் படுக்கை இடுப்பளவு உயரும், குனிய வேண்டாம். அதே சட்டம்தான் விடுதிகள் வளங்களைச் சுழற்சி முறையில் பயன்படுத்தத் திட்டம் எழுத வேண்டும் என்கிறது, கனரக எண்ணெயில் எரியும் கொதிகலன்களை மாற்றச் சொல்கிறது. புதிய படுக்கை எண்ணிக்கையைச் சில ஆண்டுகள் நிறுத்திவைத்ததும் அந்த நேரத்தில்தான். தண்ணீர்க் குழாய்க்கும் ஒரு பெண்ணின் முதுகெலும்புக்கும் ஒரே சட்டத்தில் இடம் கொடுத்திருக்கிறார்கள் பாருங்கள். வளங்குன்றாமை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

ஆனாலும் அந்தப் பெண்ணுக்குத் தீவில் வாடகைக்கு வீடு கிடைப்பது கடினம். வீடுகள் சுற்றுப்பயணிகளுக்கு வாடகைக்குப் போய்விடுகின்றன, வெளிநாட்டவர் வாங்கிவிடுகிறார்கள். 2024ஆம் ஆண்டு மே மாதத்திலும் ஜூலையிலும் ஆயிரக்கணக்கானோர் பால்மா வீதிகளில் ஊர்வலம் போனார்கள். மயோர்க்கா விற்பனைக்கு இல்லை என்பது அவர்கள் முழக்கம். சுற்றுலாவே வேண்டாம் என்றவர்கள் அதில் குறைவு. அவர்களில் பலரின் சோறே சுற்றுலாதான்.

இங்கே ஒரு வாதம் எழும். “ஆள் குறைவாக வரட்டும், அதிகம் செலவழிக்கட்டும், சொகுசு விடுதிதான் தீவைக் காக்கும்” என்பார்கள் ஒரு சாரார். கூட்டம் குறையும், சம்பளம் கூடும் என்பது அவர்கள் கணக்கு. மறுசாரார், “தலைக்கு எடுத்துக்கொள்ளும் தண்ணீரும் நிலமும் சொகுசு விருந்தினருக்குத்தான் அதிகம், ஊர்க்காரனுக்குக் கடற்கரையே எட்டாமல் போய்விடும்” என்பார்கள். இரண்டு பக்கத்திலும் உண்மை இருக்கிறது. என் சாய்வு இரண்டாவது பக்கம் என்பதை மறைக்கவில்லை. மாணவர்களிடம் மட்டும் முதலிலேயே சொல்லிவிடாதீர்கள், விவாதம் படுத்துவிடும்.

கடைசி நாள் கட்டணச் சீட்டில் ஒரு வரி தனியாக இருக்கும்: நீடித்த சுற்றுலாவுக்கான வரி. 2016ஆம் ஆண்டு ஜூலையில் தொடங்கியது. 2018ஆம் ஆண்டில் இருமடங்காக்கி, உச்சப் பருவத்தில் ஐந்து நட்சத்திர விடுதிக்கு ஒருவருக்கு ஓர் இரவுக்கு 4 யூரோ என்று வைத்தார்கள், மதிப்புக்கூட்டு வரி தனி. 16 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கிடையாது. இருவர் ஏழு இரவு தங்கினால் 56 யூரோ, அதன்மேல் பத்து விழுக்காடு. நீர்க் கட்டமைப்பு, இயற்கை, மரபுடைமை ஆகியவற்றுக்கு அந்தப் பணத்திலிருந்து ஒதுக்குகிறார்கள். ஓர் இரவுக்குப் பல நூறு யூரோ வாங்கும் விடுதியில் இந்த 4 யூரோ யாருடைய பயணத் திட்டத்தையும் மாற்றப்போவதில்லை. ஆனால் 17 மில்லியன் பேர் வரும் இடத்தில் சேர்ந்தால் சிறு தொகை இல்லை.

சான்றிதழ்களைப் பற்றிச் சுருக்கமாக. ‘நீலக் கொடி’ 1985ஆம் ஆண்டு பிரான்சில் தொடங்கியது. அது கடற்கரைக்கும் படகுத்துறைக்கும் உரியது, விடுதிக்கு இல்லை. அதன் விதியே, ஒதுங்கும் தாவரங்களைத் தொல்லை தராதவரை கரையில் விட்டுவைக்கச் சொல்கிறது. ‘பசுமைச் சாவி’ 1994ஆம் ஆண்டு டென்மார்க்கில் தோன்றியது, விடுதிகளுக்கு உரியது. பூச்சின்னம் கொண்ட ஐரோப்பிய ஒன்றியச் சான்றிதழும் விடுதிகளுக்குக் கிடைக்கும். விடுதியே தனக்குத் தானே வரைந்துகொண்ட பச்சை இலைச் சின்னமும் நிறைய உண்டு. 2024ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த ஒரு நெறியுரை இதற்குக் கடிவாளம் போடுகிறது. 2026 செப்டம்பர் 27 அதன் விதிகள் நடைமுறைக்கு வரும் நாள். ஆதாரமில்லாமல் ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்று பொதுவாகச் சொல்லக்கூடாது, தானே தயாரித்த சின்னத்தை ஒட்டக்கூடாது, சட்டப்படி எல்லாரும் செய்தாக வேண்டியதைத் தன் தனிச்சிறப்பாகக் காட்டக்கூடாது. கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். நெகிழி உறிஞ்சுகுழலை ஐரோப்பிய ஒன்றியம் 2021ஆம் ஆண்டிலேயே தடைசெய்துவிட்டது. ‘எங்களிடம் நெகிழி உறிஞ்சுகுழல் இல்லை’ என்று மயோர்க்கா விடுதி எழுதுவது, ‘நான் சிவப்பு விளக்கில் காரை நிறுத்துகிறேன்’ என்று ஒருவர் பெருமையடிப்பது போல.

இனி வகுப்புக்கு. ஐரோப்பியச் சட்டம் கேட்பதையே நம் இலக்கணப் பாடமும் கேட்கிறது என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. கீழே இரண்டு பகுதிகள். இரண்டும் நான் எழுதியவை, எந்த விடுதியின் வாசகமும் இல்லை.

முதல் பகுதி: “இயற்கையின் மடியில் அமைந்த எங்கள் பசுமைச் சொர்க்கத்தில் கடல் பாதுகாக்கப்படுகிறது. நீர் சேமிக்கப்படுகிறது. உள்ளூர் மக்கள் போற்றப்படுகிறார்கள்.”

இரண்டாம் பகுதி: “தோட்டத்துக்குச் சுத்திகரித்த கழிவுநீரை மட்டுமே பாய்ச்சுகிறோம். அக்டோபர் முதல் ஏப்ரல்வரை கரையில் ஒதுங்கும் கடற்புல்லை நாங்கள் அள்ளுவதில்லை. எல்லா அறைகளிலும் உயரும் படுக்கைகளைப் பொருத்தியிருக்கிறோம். நீச்சல் குளத்துக்கு இன்னமும் குடிநீரையே பயன்படுத்துகிறோம்.”

முதல் பகுதியில் எழுவாயைத் தேடச் சொல்லுங்கள். கடல் பாதுகாக்கப்படுகிறது, சரி, யாரால்? செயப்பாட்டு வினையைச் செய்வினையாக மாற்றும் பயிற்சியை நாம் எத்தனை முறை கொடுத்திருப்போம்! ‘யாரால்’ என்பதை நிரப்ப முடியாமல் மாணவர் திணறும்போது, அந்த வினைவடிவம் எதை மறைக்க உதவுகிறது என்பது தானாகப் புரிந்துவிடும். ‘பசுமை’, ‘சொர்க்கம்’, ‘இயற்கையின் மடி’ மூன்றையும் அடித்துவிட்டு மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள். செய்தி ஏதாவது குறைந்ததா? பிறகு இரண்டாம் பகுதிக்கு யார், எவ்வளவு, எப்போதிலிருந்து என்ற மூன்று கேள்விகளைப் போட்டுப் பார்க்கட்டும். ‘எவ்வளவு’ என்பதற்கு அதிலும் விடை இல்லை என்பதை விரைவாகவே கண்டுபிடித்துவிடுவார்கள். என் வகுப்பில் பெரும்பாலோர் இரண்டாம் விடுதியைத்தான் நம்பினார்கள். காரணம் கேட்டபோது ஒரு மாணவன், “குளத்த பத்தி உண்மைய சொல்லிட்டாங்களே, டீச்சர்” என்றான்.

அதன்பிறகு பக்கத்திலேயே வரலாம். பிந்தான், தெசாரு, லங்காவி என்று மாணவர்கள் குடும்பத்தோடு போய்வந்த கடற்கரை விடுதிகள் இருக்கும். அவற்றில் ஒன்றின் விளம்பரத்தை எடுத்துக்கொண்டு விடுதி நிர்வாகத்துக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள்: மூன்று கேள்விகள், மரியாதையான நடை, 150 சொல்லுக்குள். மின்னஞ்சல் எழுதும் பயிற்சியாகவும் அது கணக்காகிவிடும்.

எல்லாவற்றுக்கும் இரண்டு பாடவேளையாவது வேண்டும். உயர்நிலை ஒன்று, இரண்டு வகுப்புகளுக்கு எடுப்பவர்கள் சான்றிதழ், வரி ஆகிய பகுதிகளைத் தள்ளிவிடலாம். படுக்கைப் பகுதியை மட்டும் விடாதீர்கள். அன்று வீட்டுக்குப் போய் ஒரு மெத்தையைத் தூக்கி, நான்கு மூலையிலும் விரிப்பைச் செருகிவிட்டு வரச் சொல்லுங்கள், நேரத்தையும் குறித்துக்கொண்டு. மறுநாள் வாய்மொழிப் பயிற்சியை அதிலிருந்தே தொடங்கலாம்.